காலிக் மொழியும் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் படிக்கவோ வேலைக்கோ செல்லும் தமிழர்கள், ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்துடன் இன்னொரு மொழியும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த மொழியைப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு கற்பிக்கின்றன, கற்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் எத்தகைய துணை தேவைப்படுகிறது என்பவை குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இது எந்த மொழி? கேலிக் என்பதா, காலிக் என்பதா?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வழிவழியாகப் பேசப்பட்டு வரும் கெல்டிக் மொழி இது. அயர்லாந்தின் ஐரிஷும் மேன் தீவின் மான்க்ஸும் இதன் உடன்பிறப்புகள்; வெல்ஷ் சற்றே தள்ளிய உறவு. ஸ்காட்லாந்தில் பேசப்படும் 'ஸ்காட்ஸ்' என்பது ஆங்கிலத்துக்கு நெருங்கிய வேறொரு மொழி. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. இந்த மொழியைப் பேசுவோர் தங்கள் மொழியைக் 'காலிக்' என்றே சொல்கிறார்கள். எழுத்தில் நடுவே வரும் 'டிஹெச்' ஒலிப்பதில்லை. முதலெழுத்தாகிய 'ஜி'யும் ஆங்கிலத்தில் போல அதிர்ந்து ஒலிக்காமல், நம்முடைய மொழிமுதல் ககரத்தைப் போலவே ஒலிக்கிறது. ஆகவே தமிழில் 'காலிக்' என்று எழுதினால் அசல் ஒலிப்புக்கு மிக நெருங்கி வந்துவிடுகிறோம். 'கேலிக்' என்று எழுதினால் அடுத்த சொல் 'கூத்து' என்று வந்துவிடுமோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஸ்காட்லாந்தில் காலிக் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 69,700 பேர். பேசவோ படிக்கவோ எழுதவோ கேட்டுப் புரிந்துகொள்ளவோ ஓரளவு தெரிந்தவர்கள் அனைவரையும் சேர்த்தால் சுமார் 1,30,000 பேர். 2011ஆம் ஆண்டில் பேசுவோர் சுமார் 57,000 பேர்தான் என்பதால், எண்ணிக்கை கூடியிருப்பது உண்மை. ஆனால் இந்தக் கணக்கை மேலோட்டமாகப் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. மொழியின் தாய்வீடாகிய மேற்குத் தீவுகளிலேயே பேசுவோரின் விகிதம் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தீவுச் சமூகங்களில் அன்றாட வாழ்வில் காலிக்கைப் புழங்குவோர் சுமார் 11,000 பேர் மட்டுமே என்று, மலைநாடு மற்றும் தீவுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மதிப்பிட்டார்கள். நகரங்களில் படித்துக் கற்றவர்கள் பெருகுகிறார்கள், தீவுகளில் பேசி வளர்ந்தவர்கள் குறைகிறார்கள் என்பதே இன்றைய நிலை. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இதைப் பேசினார்கள் என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மொழியைக் காப்பாற்றுவது வீட்டின் வேலை அல்லவா? பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன பங்கு?

வீட்டின் வேலைதான். ஆனால் வீட்டில் பேச்சு அறுந்துபோனதில் கல்விக்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1872ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது. அதில் காலிக்குக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே படித்து முன்னேறினார்கள். அவர்கள் பெற்றோரானபோது தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். கல்வி அறுத்ததை மீண்டும் முடிச்சுப் போடும் பொறுப்பு கல்விக்கு இருக்கிறது என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பல்கலைக்கழகத்தில் காலிக்குக்கு இடம் கிடைத்ததும் தானாக நடந்ததல்ல. எடின்பரோவில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்டூவர்ட் பிளாக்கி, தமக்குத் தாய்மொழி அல்லாத ஒரு மொழிக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். அதன் பயனாக 1882இல் கெல்டிக் இருக்கை நிறுவப்பட்டது; கொலன்சே தீவில் பிறந்த டொனால்ட் மெக்கினன் அதன் முதல் பேராசிரியரானார்.

சட்டப்படி இது கட்டாயமா?

ஓரளவுக்கு. 2005ஆம் ஆண்டு காலிக் மொழிச் சட்டம், 'போர்ட் நா காலிக்' என்ற வாரியத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. பொது நிறுவனங்கள் காலிக் மொழித் திட்டம் ஒன்றை வகுத்துத் தர வேண்டும் என்று கேட்கும் அதிகாரம் அந்த வாரியத்துக்குக் கிடைத்தது. எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன் ஆகிய பல்கலைக்கழகங்களும் அவ்வாறு திட்டம் வகுத்தவையே. 2025ஆம் ஆண்டு ஸ்காட்டிஷ் மொழிகள் சட்டம் காலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அலுவல் மொழித் தகுதியை வழங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று, புனித ஆண்ட்ரூ நாளில், அது நடைமுறைக்கு வந்தது.

எந்தெந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம்?

பட்டப்படிப்பு அளவில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், மலைநாடு மற்றும் தீவுகள் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் முக்கியமானவை. கிளாஸ்கோவில் காலிக் பேசும் மாணவர்களின் 'ஒசியானிக் சங்கம்' 1831இலிருந்தே இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் அதே 1830களில் அங்கே படித்தவர்தான். ஆனால் அக்காலத்தில் காலிக் அங்கே ஒரு பாடமாக இருக்கவில்லை. பாடம் வருவதற்கு முன்பே மாணவர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள்.

நான்காவது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஸ்கை தீவின் தென்முனையில், ஸ்லேட் தீபகற்பத்தில் இருக்கும் அதன் பெயர் 'சாவல் மோர் ஒஸ்டிக்'. 'ஒஸ்டிக்கின் பெரிய களஞ்சியம்' என்பது அதன் நேர்ப் பொருள், இது உருவகமல்ல. 1973இல் அயன் நோபல் என்ற நிலவுடைமையாளரின் முயற்சியில், பாழடைந்த ஒரு பண்ணைக் கட்டடத்தில்தான் அது தொடங்கியது. தானியமும் கால்நடையும் இருந்த சுவர்களுக்குள் மொழியைக் குடிவைத்தார்கள். இன்று அங்கே பட்டப்படிப்பும் ஆய்வும் நடக்கின்றன. மற்ற இடங்களில் காலிக் ஒரு பாடம். அங்கே அதுவே புழக்க மொழி. பாடம் மட்டுமின்றி, உணவகத்தில் சூப் கேட்பதும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதும் கூடக் காலிக்கில்தான். கோடையில் நடக்கும் ஒரு வாரக் குறுகிய வகுப்புகளுக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு அஞ்சல்வழிக் கல்வியைப் போன்ற தொடக்கநிலைப் பாடமும் உண்டு; அதில் இணையவழியாகவும் தொலைபேசி வழியாகவும் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள்.

ஒரு சொல்கூடத் தெரியாதவர் சேர முடியுமா?

முடியும். ஸ்காட்லாந்துப் பள்ளித் தேர்வுகளிலேயே காலிக் இரண்டு தனிப் பாடங்களாக இருக்கிறது: சரளமாகப் பேசுவோருக்கு ஒன்று, கற்போருக்கு இன்னொன்று. அதே வழக்கப்படி பல்கலைக்கழகங்களும் முதலாண்டில் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் தனித்தனி வகுப்புகளில் வைத்து, மேல் ஆண்டுகளில் ஒன்றாகச் சேர்க்கின்றன. அந்தச் சேரும் இடம்தான் சிக்கலானது. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த மாணவர், தீவில் பிறந்து வளர்ந்த மாணவரின் அருகில் உட்கார்ந்ததும் வாய் திறக்க அஞ்சுவார். தீவுக்காரரோ, எழுத்துத் தேர்வில் தம்மைவிட நண்பர் அதிக மதிப்பெண் வாங்குவதைக் கண்டு தம் பேச்சுமொழி தாழ்ந்தது என்று நினைத்துவிடுவார். இருவருக்கும் வேண்டிய துணை வெவ்வேறு. முன்னவருக்குப் பேச்சுத் துணை வேண்டும். பின்னவருக்கு எழுத்துப் பயிற்சியும், தம் வட்டார வழக்கு தவறல்ல என்ற உறுதியும் வேண்டும். ஒரே பயிற்சித்தாளை இருவருக்கும் நீட்டுகிற வகுப்பு இருவரையும் இழக்கும்.

மொழி கடினமா?

ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர்களுக்குக் கடினமாகப் படும் சில இடங்கள் தமிழருக்கு எளிதாக இருப்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். 'உடைமை' என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வினைச்சொல் காலிக்கில் கிடையாது, தமிழிலும் கிடையாது. 'டாய்' என்றால் வீடு, 'அகம்' என்றால் 'என்னிடம்'. 'ஹா டாய் அகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இருக்கிறது, வீடு, என்னிடம்' என்று வரும். வினை முதலில் வந்து நிற்பதை மட்டும் பழகிக்கொண்டால், 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லியே வளர்ந்தவருக்கு இதில் வியப்பு எதுவுமில்லை. பசியும் அப்படித்தான்: நாம் பசிப்பதை 'எனக்கு' என்கிறோம், அவர்கள் 'என்மேல்' என்கிறார்கள், இருவருமே 'நான் பசியாக இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'ஆம்', 'இல்லை' என்பதற்குப் பொதுச் சொற்கள் இல்லாமல், கேட்ட வினையையே திருப்பிச் சொல்லி விடையளிப்பது அவர்கள் மரபு. 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்கிற நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. ஆங்கில எழுத்துகளில் பதினெட்டை மட்டுமே வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோடு நெடிலைக் காட்டுகிறது. 'பட' என்று குறிலாகச் சொன்னால் தடி, 'பாட' என்று நெடிலாகச் சொன்னால் படகு. 'பல்' வேறு 'பால்' வேறு என்று அறிந்தவருக்கு அதன் தேவையை விளக்க வேண்டாம்.

உண்மையான தொல்லை சொல்லின் முதலெழுத்து மாறுவதில் இருக்கிறது. நாம் முருகனை அழைக்கும்போது 'முருகா' என்று சொல்லின் கடைசியை மாற்றுகிறோம். அவர்கள் சொல்லின் தொடக்கத்தையே மாற்றிவிடுவார்கள். மாரி என்ற பெண்ணை அழைக்கும்போது 'அ வாரி' என்பார்கள். ஷேமஸ் என்பவரைக் கூப்பிட்டால் அது 'அ ஹேமிஷ்' ஆகிவிடும். அந்த விளியைக் கேட்ட ஆங்கிலேயர் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டதால்தான் 'ஹேமிஷ்' இன்று உலகெங்கும் தனிப் பெயராக வழங்குகிறது. இந்த மாற்றத்தை அறியாத மாணவர், 'வாரி'யை அகராதியில் தேடிக் களைத்துப்போவார். முதல் ஆறு மாதங்களில் ஒரு நல்ல ஆசிரியர் செய்யும் பெரிய உதவி, இந்த மாற்றங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைக்காமல் காதுக்குப் பழக்குவதுதான் என்பது என் கருத்து.

வகுப்பறைக்கு வெளியே என்ன துணை கிடைக்கிறது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுவே முதன்மையானது என்பேன். வாரத்தில் சில மணி நேர வகுப்பை வைத்துக்கொண்டு யாரும் ஒரு மொழியைப் பேசிப் பழகிவிட முடியாது. மிச்ச நேரத்தில் பேச ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 'காலிக் இல்லம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குடியிருப்புத் திட்டம் நடக்கிறது. காலிக் பேசும் மாணவர்கள் ஒரே வீட்டில் தங்கி, வீட்டுக்குள் அந்த மொழியிலேயே பேசுவது அதன் நோக்கம். பால் தீர்ந்துவிட்டது, இன்று பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்பன போன்ற பேச்சுகள் எந்தப் பாடநூலிலும் வராதவை. மொழி குடியிருப்பது அங்கேதான்.

அதற்கு அடுத்தபடி 'உரையாடல் வட்டம்'. வாரம் ஒருமுறை, ஒரு காபிக்கடை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். சரளமாகப் பேசுபவர் ஒருவராவது இருப்பார். புதியவர் தடுமாறும்போது ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுக்காமல், 'அது என்ன நிறம்? எங்கே இருக்கும்?' என்று காலிக்கிலேயே கேட்டு அவர் வாயிலிருந்து சொல்லை வரவழைக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. கற்பவர் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, எதிரில் இருப்பவர் உதவி செய்யும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அறிமுகமில்லாதவரிடம் ஆங்கிலத்தில் பேசுவதே பண்பு என்று தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட சமூகம் அது. இந்தத் தயக்கத்தை உடைக்கத்தான், 'அதைப் பயன்படுத்து' என்று பொருள்படும் காலிக் சொற்கள் பொறித்த சின்னத்தைச் சட்டையில் அணியும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதை அணிந்த நூலக ஊழியரிடம் மாணவர் தயங்காமல் காலிக்கில் தொடங்கலாம்.

ஆசிரியர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா?

இல்லை, நெடுநாளாகவே இல்லை. காலிக் வழித் தொடக்கக் கல்வி 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் இரண்டு சிறு பிரிவுகளாகத் தொடங்கியது. அந்தப் பள்ளிகளில் முதல் ஓரிரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எல்லாமே காலிக்கில்தான்; ஆங்கில எழுத்து பிறகே வரும். பெற்றோரில் பலருக்கு மொழி தெரியாது என்பதால், பிள்ளைக்கு அந்த மொழியில் பேசும் பெரியவர் ஆசிரியர் ஒருவராகவே இருக்கக்கூடும். அந்த ஆசிரியர் கணக்கும் அறிவியலும் காலிக்கில் நடத்த வேண்டும். பிள்ளை அழுதால் ஆறுதலும் காலிக்கில் சொல்ல வேண்டும். இவ்வளவு சரளம் உள்ளவர்களை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. எடின்பரோ பல்கலைக்கழகம் தொடக்கக் கல்வியையும் காலிக்கையும் சேர்த்த ஆசிரியர் பட்டப்படிப்பை நடத்துகிறது. மலைநாடு மற்றும் தீவுகள் பல்கலைக்கழகத்திலும் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைடிலும் ஆசிரியர் பயிற்சி உண்டு. இருந்தும் பள்ளிகள் கேட்கிற வேகத்துக்கு ஆசிரியர்கள் வருவதில்லை. மேல்நிலை வகுப்புகளில் இயற்பியலும் வேதியியலும் காலிக்கில் சொல்லித்தர ஆள் தேடுவது இன்னும் கடினம்.

படித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. மேலே சொன்னபடி ஆசிரியர் பணிக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. 2008இல் தொடங்கிய பிபிசி அல்பா தொலைக்காட்சி, காலிக் வானொலி, மொழிபெயர்ப்பு, உள்ளாட்சி மன்றங்களின் மொழி அலுவலர் பணி, ஆவணக் காப்பகம் ஆகியவை பிற வழிகள். சின்னச் சந்தைதான். ஆனால் போட்டியிடுபவர்களும் குறைவு.

ஆய்வுக்கும் கணினிப் பயன்பாட்டுக்கும் என்ன வசதிகள் உள்ளன?

எடின்பரோவில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் சேகரிப்பாளர்கள், கனமான ஒலிப்பதிவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு தீவு தீவாகச் சென்று, முதியவர்களின் கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி, 'மரபுக் கிணறு' என்ற பொருள் தரும் பெயருடைய இணையக் காப்பகத்தில் இன்று எவரும் கேட்கக் கிடைக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் காலிக் நூல்களின் மின்தொகுப்பு ஒன்றைக் கட்டி வருகிறது. பல பல்கலைக்கழகங்கள் கூடி வரலாற்று முறையிலான பேரகராதிக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன. எடின்பரோவில் காலிக் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளை உருவாக்கும் பணியும் நடக்கிறது. அந்தப் பழைய பதிவுகளே அதற்கும் தீனி.

அன்றாடத் தேவை இதைவிட எளியது. நெடிலுக்குரிய சாய்கோட்டை இட விண்டோஸில் 'யுனைடெட் கிங்டம் எக்ஸ்டெண்டெட்' என்ற விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பல்கலைக்கழகக் கணினிகள் எல்லாவற்றிலும் அதை முன்கூட்டியே நிறுவி வைப்பது செலவில்லாத உதவி. மாணவர் பதிவேட்டிலும் பெயரின் மேலுள்ள கோடு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்ட படிவங்களோடு மல்லுக்கட்டும் தமிழருக்கு இந்த வருத்தம் புரியும். தீவுகளில் ஊராருக்குள் வழங்கும் பெயரும் நம்முடையதைப் போன்றதே: ஷேமஸின் மகன் கலம் என்றால் 'கலம் ஹேமிஷ்'. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுகிறோம். அவர்கள் தந்தை, பாட்டன் பெயர்களைப் பின்னால் அடுக்குகிறார்கள்.

இருமொழிப் பெயர்ப்பலகை வைப்பதால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம். பலகை மொழியைக் கண்ணில் காட்டும். காதில் விழச் செய்யாது. மொழித் திட்டத்தின் பெரும்பகுதி பலகையிலும் கடிதத் தலைப்பிலும் முடிந்துவிட்டால், அந்தப் பணத்தில் ஓர் உதவி ஆசிரியரை நியமித்திருக்கலாமே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கு வெளியே இருந்தபடி கற்கலாமா?

கற்கலாம். டுவோலிங்கோவில் 2019 நவம்பரில் காலிக் பாடம் வந்தது. 2021இல் தொடங்கிய 'ஸ்பீக் காலிக்' பாடத்திட்டம் படிநிலைகளாக, இலவசமாக, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளோடு சேர்ந்து வருகிறது. அதில் ஸ்கை தீவுக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதியில், செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகமும் கெல்டிக் ஆய்வுகளை நடத்துகிறது.

நான் வேறு துறையில் படிக்கும் தமிழ் மாணவன். என்னால் என்ன செய்ய முடியும்?

முதலாண்டு விருப்பப் பாடமாகக் காலிக் கிடைக்கிறதா என்று உங்கள் துறை ஆலோசகரிடம் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு துறைப் பாடங்களை எடுக்க இடம் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்த வகுப்புகளில் ஒவ்வொரு தலையும் கணக்கில் சேரும். கணினித் துறையில் இருந்தால், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் பணிகளுக்கு உங்கள் கை தேவைப்படலாம். எதற்கும் நேரமில்லை என்றால், உரையாடல் வட்டம் எந்த நாளில் கூடுகிறது என்பதை மாணவர் சங்கத்தில் விசாரித்து, ஒரே ஒரு முறை போய் உட்காருங்கள். 'ஹா கு மா' என்றால் 'நலமாக இருக்கிறேன்'. முதல் நாளைக்கு அது போதும். இரண்டாம் நாள் என்ன சொல்வது என்பதை அங்கிருப்பவர்களே சொல்லித் தருவார்கள்.